மூன்று தேங்காய்களும் ஒரு சட்டி மீன்குழம்பும்

துபாய் விமான நிலையத்தில் என் பெட்டி வந்துவிட்டது. ரெபேக்காவின் தேங்காய்கள்தான் வரவில்லை.

அவர் பெயர் ரெபேக்கா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்குப் பக்கத்தில், பூப்போட்ட நீளக் கவுனும் ரப்பர் செருப்புமாக, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நின்றிருந்தார். பட்டை ஓய்ந்து நின்ற பிறகும் அவர் நகரவில்லை. வெளியே எங்கள் இருவர் பெயரையும் ஒரே அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்த பெஷாவர்க்கார டிரைவர் பஷீர் பாய், அவருடைய வெறுங்கையைப் பார்த்ததும் "பெட்டி மாஃபி?" என்று கேட்டார். மாஃபி என்றால் இல்லை. வளைகுடாவில் நான் கற்ற முதல் சொல்.

"துணி போனால் போகட்டும்," என்றார் ரெபேக்கா ஆங்கிலத்தில். "உள்ளே மூன்று தேங்காய் இருக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமரி மாவட்டத்துக்காரனிடம் போய்த் தேங்காய் தொலைந்தது என்று சொன்னால் வேறென்ன வரும்? ஆனால் வண்டி ஷார்ஜாவைத் தொடுவதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ரெபேக்கா மார்ஷல் தீவுகளைச் சேர்ந்தவர். பசிபிக் கடலின் நடுவில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலுமாக, நடுவே ஒரு தெரு அகலத்துக்கு நிலம் ஓடும் பவளத்தீவுகள். அமெரிக்கா ஒரு காலத்தில் அங்கே அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. சாம்பல் ரெபேக்காவின் தீவிலும் விழுந்தது. ஊரைக் காலி செய்து கப்பலில் ஏற்றினார்கள். பிறகு திரும்பிப் போகலாம் என்றார்கள். அதற்கும் பிறகு, இருக்க வேண்டாம் என்றார்கள். இப்போது வீட்டு மனைகளைச் சுற்றி மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் பவளச் சரளை பரப்பியிருக்கிறார்கள். சில குடும்பங்கள் மட்டும் போய்வந்துகொண்டிருக்கின்றன. தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "எழுதினால் மரம் யாருடையது என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் எங்கள் அத்தைமார் என்னைச் சும்மா விடமாட்டார்கள்," என்று ரெபேக்காவே கேட்டுக்கொண்டார்.

தேங்காய்கள் பறித்த அந்த மரம், அவருடைய அம்மா விட்டுவந்த வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த மாதம் ரெபேக்காவின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். அவர்கள் ஊரில் கல்யாணத்தைவிடப் பெரிய விருந்து அதுதான். ஒரு வருஷம் பிழைத்துக் கிடந்த பிள்ளையைப் பார்க்க ஊரே வரும். பன்றி, மீன், ஈரப்பலா, எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய்ப்பால். அம்மாவுக்கு அந்த விருந்தைச் சொந்தத் தீவில், அந்த மரத்துத் தேங்காயில் வைக்க வேண்டும். பிள்ளையின் வாயில் அந்தப் பாலைத் தொட்டு வைக்க வேண்டும். அந்தத் தீவில் எத்தனையோ மரங்களின் கதிரியக்கத்தை அளந்திருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் அளந்ததில்லை.

"அளந்து சொல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது," என்றார். "எங்கள் அம்மாவை உனக்குத் தெரியாது."

ரெபேக்கா அங்கே தீவு நிர்வாகத்தில் சுகாதார ஊழியர். சிறு தீவுகளிலும் கடற்கரைகளிலும் மண்ணையும் உணவையும் அளக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்றுக்காக ஷார்ஜாவில் ஓர் ஆய்வகம் எங்களை அழைத்திருந்தது. நான் வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் மண். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கறுப்பு மணலில் கதிரியக்கம் இயற்கையாகவே உண்டு. சிறுவயதில் கருவியோடு வருகிறவர்களின் பின்னால் ஓடி ஓடி, கடைசியில் நானே கருவியைப் பிடிக்கிறவன் ஆகிவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா கட்டுமரத்திலிருந்து வள்ளத்துக்கு மாறியவர். கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "இங்க அள்ளுன மண்ணு போதாதுன்னு அங்கயும் போயி மண்ணத்தான் அள்ளப் போறியாடே?"

பயிற்சி அடுத்த நாளே தொடங்கியது. நடத்தியவர் டாக்டர் ஹுதா, ஜோர்டான் நாட்டுப் பெண்மணி. உயரமானவர், வேகமாக நடப்பவர், பேனாவைக் காதில் செருகியிருப்பவர். ஈயச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் கருவியை முதல் நாளே காட்டினார். தேங்காயை அரைத்து ஒரு டப்பாவில் அடைத்து அதன்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கதிரியக்கம் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் திரையில் ஓர் இடம் உண்டு. அங்கே கோடு குன்றாக எழுந்தால் அது இருக்கிறது என்று பொருள். பவளத்தீவுகளில் தேடுவது, அணுகுண்டுச் சாம்பலில் வந்த சீசியத்தை. அது பொட்டாசியத்துக்குத் தூரத்து உறவு. பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு, ஆகவே தென்னை ஏமாந்து சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்துக்குப் பொட்டாஷ் உரம் போட்டால் சீசியம் குறையும். ரெபேக்காவின் அம்மா சில வருஷமாக ஆள் விட்டு அந்த மரத்துக்கு உரம் போட்டுவருகிறாராம். அது வேலை செய்ததா என்பதுதான் கேள்வி.

"ஒரு மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எங்கே இருந்தது, எல்லாம் எழுதியிருக்க வேண்டும்," என்றார் டாக்டர் ஹுதா. "இடையில் திறந்திருந்தால் நான் தொடவே மாட்டேன்." அதை நான் பக்தியோடு குறித்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்தால் சாப்பாடு வேட்டை. நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலில் காலையில் ஃபூல் என்று அவரைப்பயறு மசியல் வைப்பார்கள். எனக்கு அது உப்புக் குறைந்த கடலைக்கறி. ரெபேக்காவுக்கு எது வைத்தாலும் பக்கத்தில் சோறு வேண்டும். "நீங்களும் சோற்றுக்காரர்களா?" என்று கேட்டேன். "கப்பல் வந்தால் சோற்றுக்காரர்கள். வராவிட்டால் மீன்காரர்கள்," என்றார். ஒரு மாலை ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு தமிழ் ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன். தோசையோடு வந்த சட்னியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தேங்காய் எந்த ஊர்?"

சர்வரிடம் கேட்டேன். "பொள்ளாச்சி சார்," என்றார் அவர்.

"பொள்ளாச்சியில் அளந்திருக்கிறார்களா?"

"இல்லை," என்றேன்.

"கொடுத்துவைத்தவர்கள்," என்று சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

பெட்டி வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. வழியில் ஹோனலூலுவில் தங்கிவிட்டதாம். பஷீர் பாய் வெற்றிவீரரைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு ஐஸ் டப்பா. அதில் ஈரப்பலாவும் தாழம்பழமும் தனித்தனி உறைகளில், ஒவ்வொன்றிலும் ரெபேக்காவின் பெயர். பக்கத்தில் மட்டை உரித்த மூன்று தேங்காய்கள், ஓட்டின்மேல் கறுப்பு மையில் வெறும் எண்கள். ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது. ஷார்ஜாவில் வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை அரசு விடுமுறை, ஆய்வகத்துக்கும் பூட்டு. ஹோட்டல் அறையின் ஃபிரிட்ஜோ நாலு தண்ணீர் பாட்டிலுக்கே மூச்சு முட்டும்.

"என் அண்ணன் ரூமில் பெரிய ஃபிரிட்ஜ் இருக்கிறது," என்றேன். அந்தப் பெருமையைத் தவிர்த்திருக்கலாம்.

சித்தப்பா மகன் ஆன்றோ அண்ணன் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் பெயின்டர். டயர் கடை, வெல்டிங் கடை, மறுபடி டயர் கடை என்று போகும் தெருவில், மாடியில் எட்டுப் பேர் இருக்கும் ரூம். ஃபிரிட்ஜ் உண்மையிலேயே பெரியது. ஏதோ மூடிப்போன ஹோட்டலிலிருந்து வந்ததாம். அண்ணன் ஐஸ் டப்பாவை வாங்கி உறைகளை மேலே ஃப்ரீசரில் வைத்தார், தேங்காய்களைக் கீழ் டிராயரில் வைத்தார்.

"ஆராய்ச்சிச் சாமான்ணே, பாத்துக்கிடுங்க."

"லேய், இது ஒரு காரியமா? நாளைக்கு மத்தியானம் அந்த அம்மாவையும் கூட்டிட்டு வா மக்கா. ஒங்க ஊர்ல வந்து ஒரு வாய் சாப்பிடலன்னு நாளைக்குச் சொல்லிரக் கூடாது." சொல்லிவிட்டு அண்ணன் ஓவர்டைமுக்கு ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது படிக்கட்டிலேயே மணம் எதிர்கொண்டது. கட்டில்களை ஓரமாகத் தள்ளி, நடுவில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். சமையல் டியூட்டி அன்று முருகேசன் அண்ணனுக்கு. பட்டுக்கோட்டைக்காரர், ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "வாங்கக்கா, வாங்க. நம்ம ரூமுக்கு வெளிநாட்டு விருந்தாளி வர்றது இதான் மொதத் தடவ," என்றார். அவர்களுக்கே இது வெளிநாடு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஷேரி என்று விற்பது நம்மூர் விளமீன். அதில் தேங்காய் அரைத்த குழம்பு, தேங்காய்ச் சோறு, ஒரு துவையல். ரெபேக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டார். முள்ளை நாக்காலேயே பிரித்து ஓரத்தில் வைத்த வேகத்தைப் பார்த்து, "யக்கா நம்ம கடக்கர ஆளுடோய்!" என்று ஆன்றோ அண்ணன் கத்தினார். தன் ஊருக்கு அளக்க வந்தவர்களைப் பற்றி ரெபேக்கா சொன்னார். நல்லவர்கள்தானாம். ஆனால் கப்பலிலேயே தங்குவார்கள், தண்ணீரும் சாப்பாடும் கப்பலிலிருந்து வரும். கூட உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் வயிறு சரியில்லை என்பார்களாம். "ஒரு கப்பல் நிறைய வயிறு சரியில்லாதவர்கள்," என்றார். நான் மொழிபெயர்த்ததும் எட்டுப் பேரும் விழுந்து சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ரெபேக்கா தட்டைக் கழுவியே தீருவேன் என்று அடுக்களைக்குள் போனார். சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குப்பைக் கூடைக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். கையில் ஒரு கொட்டாங்கச்சி. அதன்மேல் கறுப்பு மையில் இரண்டு என்ற எண்.

அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"முருகேசண்ணே, தேங்கா எங்கேருந்து எடுத்தீங்க?"

"கீழ டிராயர்ல இருந்திச்சு."

"அது ஆராய்ச்சித் தேங்காண்ணே!"

"பேர் எழுதலயே தம்பி!"

அங்கேதான் எல்லாம் விளங்கியது. அந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு சட்டம் உண்டு. பெயர் எழுதிய சாமானைப் பட்டினி கிடந்தாலும் தொடக் கூடாது. பெயர் இல்லாதது பொதுச்சொத்து, அன்றைக்குச் சமைக்கிறவருக்குச் சேரும். எட்டுப் பேர் சண்டையில்லாமல் வாழ்வது அந்தச் சட்டத்தால்தான். முருகேசன் அண்ணன் சட்டப்படி நடந்திருக்கிறார். ரெபேக்காவின் பெயர் எழுதிய உறைகள் ஃப்ரீசரில் அலுங்காமல் இருந்தன. சிகரெட் அட்டையில் பெயர் எழுதிச் செருகிய அரை எலுமிச்சம்பழம்கூட பத்திரமாக இருந்தது. ஆன்றோ அண்ணன் ஓவர்டைம் அவசரத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன் தேங்காயில் மட்டும் பெயர் எழுதவில்லை?" என்று ரெபேக்காவிடம் கேட்டேன்.

"எங்கள் ஊரில் தேங்காயில் யாரும் பெயர் எழுதமாட்டார்கள். பார்த்தாலே யார் மரம் என்று தெரியும்," என்றவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கேட்காமலே சாப்பிட்டுவிட்டார்கள்! எங்கள் தேங்காயைப் பயப்படாமல் சாப்பிட்ட முதல் வெளியூர்க்காரர்கள் இவர்கள்தான்!"

வெளியூர்க்காரர்களுக்கு இப்போது பயம் வந்திருந்தது.

"தம்பி, இப்ப நமக்கு என்ன ஆவும்?" என்றார் முருகேசன் அண்ணன்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. ஒரு வேளை சாப்பாட்டுல ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா அப்புறம் எதுக்குடா மெஷினு?"

என் இரண்டு பட்டங்களையும் துணைக்குக் கூப்பிட்டேன். தினமும், வருஷக்கணக்கில், அதை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்காகத்தான் மெஷின் என்று எப்படியோ விளக்கினேன். "கொழந்தைக்கு வேற கணக்குண்ணே," என்றேன். கொழந்தை என்றதும் எல்லோரும் ரெபேக்காவைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

"மூன்றுதான் இருந்தது," என்றார் மெதுவாக. "நான் திரும்பிப் போய்ப் பறித்து அனுப்புவதற்குள் பிறந்தநாள் வந்துவிடும்."

முருகேசன் அண்ணன் ஃபிரிட்ஜைத் திறந்தார். கீழ் டிராயரில், கண்ணாடித்தாளில் சுற்றி, ஒரு மூடித் தேங்காய். இரண்டரை செலவாகியிருக்கிறது, அரை மிச்சம். அடுப்பில் கால் சட்டிக் குழம்பு.

டாக்டர் ஹுதாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"திறந்துவிட்டார்கள்."

"ஆமாம்."

"சமைத்துவிட்டார்கள்."

"ஆமாம் டாக்டர்."

"சட்டியைக் கழுவாதே. எல்லாவற்றையும் திங்கள் கொண்டுவா. பார்க்கலாம்."

அந்த ரூமில் பெரிய சட்டி அது ஒன்றுதான். திங்கள்வரை எட்டுப் பேரும் குப்பூஸ் ரொட்டியும் கடைச் சாம்பாரும்தான் சாப்பிட்டார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஃபிரிட்ஜுக்குள் போன சட்டியின் மூடிமேல் ஆன்றோ அண்ணன் கராஜ் பெயின்டால், கை அகலத்தில், ரெபேக்கா என்று எழுதிவைத்திருந்தார்.

திங்கட்கிழமை சட்டியைக் கொண்டுபோவதே ஒரு யாத்திரை. முதல் டாக்ஸிக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு "மீனா? சீட்டில் வாடை போகாது பாய்," என்று நகர்ந்துவிட்டார். இரண்டாமவர் ஒன்றும் கேட்காமலே போனார். கடைசியில் கராஜின் பிக்கப்பில், பின்பக்கம் நானும் சட்டியும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதைப் பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். ஆய்வக வாசலில் நேபாளக் காவலாளி மூடியைத் திறந்து முகர்ந்து, "டிபனா?" என்றார். "சாம்பிள்," என்றேன். "இந்தச் சாம்பிள் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்," என்றார்.

டாக்டர் ஹுதா கைகட்டி நின்று அரை மூடித் தேங்காயையே பார்த்தார். "இது ஆவணத்துக்கு ஆகாது. நான் கையெழுத்துப் போட முடியாது."

"எனக்கு ஆவணம் வேண்டாம்," என்றார் ரெபேக்கா. "பதில் வேண்டும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சட்டியைக் கீழே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஹுதா காதிலிருந்த பேனாவை எடுத்து, படிவத்தில் 'திறக்கப்படாதது' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'திறந்தது, பாதி சமைத்தது' என்று எழுதினார். "தேங்காய் கொஞ்சம்தான் இருக்கிறது, அதனால் கருவியில் ரொம்ப நேரம் இருக்கட்டும். குழம்பையும் அளப்போம். மக்கள் தேங்காயையா சாப்பிடுகிறார்கள்? சமைத்ததைத்தானே சாப்பிடுகிறார்கள்?" என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "இன்றைய பாடம் இதுதான்."

குழம்பை அளக்க வேண்டுமானால் அதில் என்ன எவ்வளவு என்று தெரிய வேண்டும். முருகேசன் அண்ணனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிளகாய்த்தூள் எவ்வளவுண்ணே?"

"தேவைக்குத் தம்பி."

"கிராம்ல சொல்லுங்கண்ணே."

"கிராமா? நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்? ஒரு கை. கொஞ்சம் அள்ளுன கை."

"தண்ணி?"

"மீன் முங்குற அளவு."

டாக்டர் ஹுதா மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

கருவி எண்ணிக்கொண்டிருக்க, செவ்வாய்க்கிழமை எங்களை ராஸ் அல் கைமாவுக்குக் கடற்கரை மணல் எடுக்கப் பயிற்சிக்கு ஏற்றிப்போனார்கள். சிமென்ட் ஆலைகளைத் தாண்டும்போது பஸ்ஸின் ஏசி நின்றது, சற்றுத் தூரத்தில் பஸ்ஸும் நின்றது. "கல்லாஸ்," என்று பஷீர் பாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். முடிந்தது என்று பொருள். வெயில் தகித்தது. வரிசையாகக் கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் ஒரு புல்கூட இல்லாத மலை, பாதி வெட்டியெடுத்த நிலையில்.

பஸ் நிழலில் நின்றபடி ரெபேக்கா மலையையே பார்த்தார். அவருடைய தீவில் மிக உயரமான இடம் சர்ச் படிக்கட்டுதானாம்.

"இந்தக் கல்லெல்லாம் எங்கே போகிறது?"

"கட்டடத்துக்கு. கடலைத் தூர்த்துப் புதுத் தீவு கட்டவும் போகும் என்கிறார்கள்."

"இருக்கிற தீவுக்கு ரெண்டு லாரி கேட்டால் தருவார்களா?" என்றார். கடல் ஏறிவருவது அவர்களுக்கு இன்னொரு கவலை. உடனே அவரே, "வேண்டாம். அதையும் அளக்கவேண்டி வரும்," என்றார்.

எங்கள் ஊரில் அளந்துவிட்டுப் போனவர்கள் எங்களிடம் என்ன சொன்னார்கள் என்று ரெபேக்கா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு, நன்றி சொன்னார்கள். அதுதான் ஞாபகம் வந்தது. "எங்களுக்கும் நன்றி சொல்வார்கள்," என்றார். மாற்று வண்டி வரும்வரை அவர் பாட, பஷீர் பாய் பானட்டில் தாளம் போட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, அதனால் பாட்டு நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை திரையைச் சுற்றி எல்லோரும் கூடினோம். முதலில் குழம்பு. உயரமாக எழுந்து நின்றது பொட்டாசியத்தின் குன்று. அது எல்லோர் வீட்டுக் குழம்பிலும் நிற்பதுதான், பயமில்லை. சீசியத்தின் இடத்தில் சந்தேகப்படும்படி ஒரு மேடு, அவ்வளவுதான். அடுத்து அரை மூடித் தேங்காய். அதில் சீசியம் தெளிவாகவே இருந்தது. சின்னக் குன்று. ஆனால் இருந்தது.

டாக்டர் ஹுதா கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். "உணவுக்கான வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது. நன்றாகவே கீழே. உங்கள் அம்மா போட்ட உரத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம்." காகிதத்தை நீட்டினார்.

ரெபேக்கா வாங்கவில்லை. "உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"இரண்டு. சின்னவளுக்கு ஒன்றரை வயது."

"இந்த மரத்துத் தேங்காயை அவளுக்குக் கொடுப்பீர்களா?"

வரம்பு, சராசரி, கூடுதல் ஆய்வு தேவை என்று வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டாக்டர் ஹுதா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வீட்டில் இருக்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"விருந்தன்று, பாலாக, ஒரு ஸ்பூன் கொடுப்பேன்," என்றார். "தினமும் கொடுக்கமாட்டேன். பக்கத்து மரங்களையும் பார்க்கிறவரை அதற்கு மேல் கொடுக்கவேமாட்டேன். பெரியவர்கள் விருந்தில் வயிறாரச் சாப்பிடலாம். நானும் சாப்பிடுவேன்."

ரெபேக்கா மெல்லத் தலையாட்டினார். "இத்தனை வருஷமாக எங்களுக்கு எண் கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நீங்கள்தான்."

அங்கேயே வீடியோ அழைப்பில் அம்மாவைக் கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். திரை நிறைய ஆட்கள், ஓரத்தில் தையல் மெஷின், மேலே ஒரு மின்விசிறி. வெள்ளை முடியை உச்சியில் கொண்டை போட்ட அம்மா, மடியில் ரெபேக்காவின் பேரன். பிள்ளை போனைப் பிடுங்கப் பார்த்தான். ரெபேக்கா அவர்கள் மொழியில் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நெருங்கினார்கள். யாரோ கைதட்டினார்கள். அம்மா கைதட்டவில்லை. குனிந்து ஒரு கேள்வி கேட்டார், மறுபடியும் அதையே கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்பூன் என்று சொன்னேன். எவ்வளவு பெரிய ஸ்பூன் என்று கேட்கிறாள்."

டாக்டர் ஹுதா எழுந்து தேநீர் போடும் மூலைக்குப் போனார். டிராயரைக் குடைந்து ஒன்றை எடுத்து, பெரிது என்று போட்டுவிட்டு, சர்க்கரை கலக்கும் ஸ்பூனை எடுத்து வந்தார். வெள்ளைக் கோட்டில் துடைத்து, போனுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, திரும்பி யாரையோ அதட்டினார். திரையில் ஒரு ஸ்பூன் நீண்டது. குழம்பு பரிமாறுவது. டாக்டர் ஹுதா தலையசைத்து மறுத்தார். இன்னொன்று வந்தது. அதையும் மறுத்தார். மூன்றாவதாக, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி, ஒரு சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்பூன் வந்து சேர்ந்தது. பிள்ளை அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

"இது," என்றார் டாக்டர் ஹுதா, "இது சரி."